பாத்திரமேற்பு ஆட்டங்களில் ஆடுநர் செயலுரிமை

முன்னுரை

ஒருவர் சொல்லப் பிறர் கேட்பதும், ஒருவர் எழுதப் பிறர் பயில்வதும், ஒருவர் நடிக்கப் பிறர் காண்பதும் கதைக்கு நெடுங்காலமாக அமைந்த முறைகள். இம்மூன்றினும் வேறாய முறையொன்று சென்ற ஐம்பது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியுள்ளது. அதன்கண் கேட்போரே கதைமாந்தராகின்றனர். அவர் செய்யும் செயலே கதையின் அடுத்த நிகழ்ச்சியாகின்றது. ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என வழங்கும் இதனைப் பாத்திரமேற்பு ஆட்டம் என ஈண்டுக் குறிப்போம். ஆடுவாரை ஆடுநர் என்றும், ஆட்டத்தை யாத்தமைப்பாரை ஆக்குநர் என்றும் வழங்குவோம்.

இவ்வாட்டங்களைப் பற்றிப் பேசுவாரிடையே ஒரு வழக்கு நெடுநாளாக நிகழ்ந்துவருகின்றது. பழைய ஆட்டங்கள் ஆடுநருக்கு நிறைந்த உரிமை நல்கின என்றும், புதியவை அடிதொறும் வழிகாட்டி அவ்வுரிமையைப் பறித்தன என்றும் கூறுவார் ஒரு சாரார். பழையவை கல்லும் முள்ளுமான பாதை என்றும், புதியவையே பலவகைத் தெரிவுகளைத் தந்து உரிமையை விரித்தன என்றும் கூறுவார் மற்றொரு சாரார். இரு சாராரும் உரிமை என்னும் ஒரு சொல்லையே ஆள்கின்றனர். ஆயினும் ஒரு பொருளில் ஆள்கின்றாரல்லர். அச்சொல்லின் பொருளை வரையறுத்துக்கொண்டு இவ்வழக்கை ஆராயின், காலத்தின் பழமையும் புதுமையும் இதற்கு அளவுகோலாகா என்பது புலப்படும். அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டினைத் தமிழ்த்துறையார் ஆராய்தல் தகுமோ என வினவுவாரும் உளராகலாம். சொல்லும் கதையும் மாந்தர் பண்பும் எங்குள்ளனவோ அங்குத் திறனாய்வுக்கும் இடம் உண்டு என்பதே யாம் கூறும் விடை. அன்றியும், நம் இலக்கணம் வகுத்த கருவியொன்று இவ்வழக்கைத் தீர்த்தற்குப் பெரிதும் பயன்படுதலை மேல் வருவனவற்றாற் காணலாம்.

கருத்தா இருவகை

ஜேனட் மரே 1997-இல் வெளியிட்ட 'ஹாம்லெட் ஆன் தி ஹோலோடெக்' என்னும் நூலில், பொருளுடைய செயலைச் செய்து அதன் விளைவைத் தாமே கண்டு நிறைவெய்தும் ஆற்றலைச் செயலுரிமை எனக் கொண்டார். அதே ஆண்டில் எஸ்பென் ஆர்செத் 'சைபர்டெக்ஸ்ட்' என்னும் நூலில், பக்கத்தைப் புரட்டுதலினும் மிக்க உழைப்பினைப் பயில்வாரிடம் வேண்டும் நூல்வகையைத் தனித்தெடுத்து ஆராய்ந்தார். முன்னவர் விளைவை நோக்கினார்; பின்னவர் உழைப்பை நோக்கினார். அச்செயல் யாருடையது என்னும் வினா இவ்விரண்டற்கும் இடையே நிற்கின்றது.

மூன்றாம் வேற்றுமைப் பொருளாகிய கருத்தாவை ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என நம் இலக்கணத்தார் இருவகைப்படுத்துவர். ஒரு கோயிலை அரசன் கட்டினான் என்றலும் உண்டு. தச்சன் கட்டினான் என்றலும் உண்டு. அரசன் தன் கையால் ஒரு கல்லையும் எடுத்தவனல்லன். தச்சனோ எவ்விடத்தில், எதன்பொருட்டு எழுப்புவது என்று முடிவு செய்தவனல்லன். எனினும் இருவரையும் கருத்தா என்றே கூறுகின்றோம்.

இப்பாகுபாட்டினை ஆட்டத்திற்குப் பொருத்துவோம். திரையில் வாளை வீசுவதும், கதவைத் திறப்பதும், மலையேறுவதும் ஆடுநர் கையால் நிகழ்வன. ஆகலின் இயற்றுதற் கருத்தா எஞ்ஞான்றும் ஆடுநரே. இதில் பழைய ஆட்டத்திற்கும் புதிய ஆட்டத்திற்கும் வேற்றுமையில்லை. ஏவுதற் கருத்தா யார் என்பதே வினா. ஆக்குநர் ஏவ ஆடுநர் இயற்றுவாராயின் அவர் தச்சரே ஆவர். தாமே ஏவித் தாமே இயற்றுவாராயின் அவர் செயலுரிமை உடையர் ஆவர்.

ஏவுதல் மூன்று கூறுகளை உடையது. செய்யத்தக்கது இது என அறிதல் ஒன்று; அறிந்தவற்றுள் ஒன்றனைத் துணிதல் மற்றொன்று; துணிந்ததன் பயனை ஏற்றல் பிறிதொன்று. தெரிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு உரிமையை அளப்பார் துணிதல் என்னும் நடுக்கூறு ஒன்றனையே நோக்குகின்றனர். அறிதலும் ஏற்றலும் இன்றித் துணிதல் தனித்து நில்லாது. இம்மூன்றனையும் வைத்தே இனி ஆட்டங்களை நோக்குவோம்.

மேசையிற் பிறந்த ஆட்டம்

பாத்திரமேற்பு ஆட்டம் முதலில் கணினியிற் பிறந்ததன்று. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் யாத்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' 1974-இல் மூன்று சிறு சுவடிகளாக அச்சில் வெளிவந்தது. ஆடுநர் சிலர் மேசையைச் சூழ்ந்து அமர்வர். ஒருவர் நடுவராக இருந்து உலகை விரித்துரைப்பர். மற்றையோர் தத்தம் பாத்திரம் செய்வதை வாயாற் கூறுவர். ஐயத்திற்குரிய முயற்சிகளைப் பகடை தீர்க்கும்.

இம்முறையின் உயிர்நிலை நடுவரே. சுவடியில் எழுதப்படாத ஒன்றனை ஆடுநர் செய்யத் துணிந்தால் நடுவர் அதற்கும் விடைகூறுவார். கதவைத் திறப்பதற்குப் பதிலாகச் சுவரை இடிக்கின்றேன் என்றால், சுவரின் பருமனைச் சொல்லிப் பகடையை உருட்டச் செய்வார். ஆதலின் அறிதல், துணிதல், ஏற்றல் என்னும் மூன்றும் ஒரு பேச்சின்கண்ணே நிறைவுற்றன.

ஆட்டம் கணினிக்கு வந்தபொழுது நடுவர் மறைந்தார். முன்னரே எழுதிவைத்த விடைகளை மட்டுமே கணினி கூறவல்லது. இழந்த நடுவரை எதனைக்கொண்டு ஈடுசெய்வது என்பதே அன்றுதொட்டு ஆக்குநர் எதிர்கொண்ட இடர்ப்பாடு. பழைய ஆட்டமும் புதிய ஆட்டமும் இவ்வொரு வினாவுக்குரிய வேறுவேறு விடைகள் என்க.

பழையவற்றின் இயல்பு

1981-இல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், இராபர்ட் உட்ஹெட் என்போர் ஆக்கிய 'விசார்டிரி' வெளிவந்தது. பத்து அடுக்குகளையுடைய நிலவறை ஒன்றே அதன் உலகம். ஒவ்வோர் அடுக்கும் நெட்டில் இருபதும் அகலத்தில் இருபதுமாகிய கட்டங்களால் ஆயது. ஆட்டத்தினுள் நிலப்படம் வரைந்து காட்டப்படுவதில்லை. ஆடுநர் கட்டம்போட்ட தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக நடந்து, தம் கையாலேயே படம் வரைந்துகொண்டனர். படத்திற் பிழை நேரின் வழி தவறும். வழி தவறின் குழு முழுதும் மாயும். இறந்தவரை உயிர்ப்பிக்க முயன்று தவறினால் உடல் சாம்பலாகும். சாம்பலையும் உயிர்ப்பிக்க முயன்று தவறினால் அப்பாத்திரம் என்றென்றைக்கும் இல்லையாகும்.

ஈண்டு இருவகை இழப்புகள் கலந்து கிடத்தலைக் காண்க. படம் வரைவதில் நேர்ந்த பிழையால் வந்த இழப்பு ஆடுநருடையது. கவனித்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று அவர் தம்மையே கடிந்துகொள்வார். உயிர்ப்பிக்கும்பொழுது பகடை பொய்த்ததால் வந்த இழப்போ அவருடையதன்று. அது வெறும் ஊழ். பழைய ஆட்டங்களைப் போற்றுவார் இவ்விரண்டனையும் ஒன்றாகக் கருதிக் கடுமை என ஒரே சொல்லாற் பாராட்டுவர். அறிதற்கு வழியில்லாத இடத்தில் வரும் இழப்பு உரிமையை வளர்ப்பதில்லை.

ரிச்சர்டு கேரியட் ஆக்கி 1985-இல் வெளியிட்ட 'அல்ட்டிமா' வரிசையின் நான்காம் ஆட்டம் இவற்றுள் தலைசிறந்தது. வெல்லவேண்டிய கொடியோன் எவனும் அதன் முடிவில் இல்லை. வாய்மை, இரக்கம், மறம், நீதி, ஈகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளிலும் தேர்ந்து சான்றாண்மை எய்துதலே ஆடுநரின் பணி. தொடக்கத்தில் குறிசொல்லும் பெண்ணொருத்தி ஏழு வினாக்களை வினவுவாள். ஒவ்வொரு வினாவும் இரண்டு நற்பண்புகளை எதிரெதிர் நிறுத்தி இரண்டில் ஒன்றனைக் கொள்ளச் சொல்லும். அவ்விடைகளே ஆடுநரின் பாத்திரத்தை வகுக்கும்.

இவ்வாட்டத்தில் மருந்துப்பொருள் விற்போர் கண்பார்வையற்றவர். விலையை அவர் சொல்வார். எவ்வளவு கொடுப்பது என்பதை ஆடுநரே விசைப்பலகையில் எழுதவேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் பொருள் கிடைக்கும். தடுப்பார் ஒருவரும் இலர். ஆயின் வாய்மை முதலியன உள்ளே குறையும். அக்கணக்குத் திரையில் தோன்றுவதில்லை. நெடுந்தொலைவு சென்றபின்னர், அரண்மனையிலுள்ள அறிவர் ஒருவரை வினவும்பொழுதே தம் குறையை ஆடுநர் உணர்வர். இது நல்லது, இது தீயது என்னும் குறிப்பு எதுவும் செயலின்போது தரப்படாமையின், கொடுத்த விலை முழுதும் ஆடுநருடைய செயலாகின்றது.

உரையாடலும் அத்தகையதே. மாந்தரிடம் வினவவேண்டிய சொல்லை ஆடுநரே எழுதவேண்டும். ஓரூரில் ஒருவர் வாயில் வந்த சொல்லை நினைவிற்கொண்டு, வேற்றூரில் மற்றொருவரிடம் அதனை வினவினால்தான் வழி திறக்கும். வினவத் தெரியாதவருக்கு விடையும் இல்லை. பின்வந்த ஆட்டங்களில் வினாக்கள் வரிசையாகத் திரையில் நிற்கும். ஆடுநர் ஒன்றைச் சுட்டினாற் போதும். 2007-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' இன்னும் ஒருபடி மேற்சென்றது. அதில் சுருக்கமான சில சொற்களே சக்கரவடிவில் காட்டப்படும். ஒன்றைச் சுட்டியபின் பாத்திரம் வேறு சொற்களால் விரித்துப் பேசும். தாம் பேசப்போவதைத் தாமே அறியாது பேசும் நிலை ஆடுநருக்கு இதனால் ஏற்பட்டது.

1997-இல் வந்த 'ஃபால்அவுட்' என்னும் ஆட்டத்தையும் ஈண்டுக் கருதுதல் வேண்டும். அணுப்போரால் அழிந்த உலகில் மாந்தரை எல்லாம் வேற்றுயிராக மாற்ற முனையும் தலைவன் ஒருவன் அதன் முடிவில் எதிர்ப்படுகின்றான். அவனைப் போரிட்டும் கொல்லலாம். அவன் படைக்கும் உயிர்கள் மக்கட்பேறு அற்றவை என்னும் உண்மையைச் சான்றுடன் எடுத்துரைத்தால், தன் முயற்சி வீண் என உணர்ந்து அவன் தன்னையே அழித்துக்கொள்ளவும் கூடும். அச்சான்றை முன்னரே தேடிக் கண்டவர்க்கே இவ்வழி உண்டு. அறிதல் துணிதலுக்கு வித்தாதலை இதனினும் தெளிவாகக் காட்டும் இடங்கள் அரியன.

இவற்றால் பழையன அனைத்தும் உரிமை தந்தன என்று கொள்ளற்க. யூஜி ஹோரி ஆக்கத்தில் 1986-இல் சப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டத்தில், மீட்கப்பெற்ற இளவரசி தன்னை அழைத்துச் செல்லுமாறு வேண்டுவாள். ஆம், இல்லை என இருவிடைகள் உண்டு. இல்லை என்பவர்க்கு அதே வேண்டுகோள் மீண்டும் வரும். ஆம் என்னுந்துணையும் அது நில்லாது. துணிதலின் தோற்றம் மட்டும் இருந்து பொருள் இல்லாமைக்கு இது தக்க சான்று. பொய்த்தெரிவு இக்காலத்தார் புதிதாகப் புனைந்ததன்று என்பதும் இதனால் விளங்கும்.

ஒரு வரிசையின் மூன்று ஆட்டங்கள்

பழமைக்கும் புதுமைக்கும் இடைப்பட்ட மாற்றத்தைக் காணச் சிறந்த இடம் 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசை. இதன் மூன்றாம் ஆட்டமாகிய 'மாரோவிண்ட்' 2002-இலும், நான்காவதாகிய 'ஒப்ளிவியன்' 2006-இலும், ஐந்தாவதாகிய 'ஸ்கைரிம்' 2011-இலும் வெளிவந்தன. ஆக்கிய நிறுவனம் பெதஸ்டா என்னும் ஒன்றே. கற்பனை உலகமும் ஒன்றே. ஆகலின் இவற்றிடைக் காணும் வேறுபாடு ஆளின் வேறுபாடன்று, கொள்கையின் வேறுபாடு எனத் துணியலாம்.

மாரோவிண்டில் செல்லவேண்டிய இடத்தைச் சுட்டும் குறி திரையில் இல்லை. பணியைத் தருபவர் வழியைச் சொல்லால் உரைப்பார். இன்ன ஊரின் வடக்கு வாயிலாற் புறப்பட்டு, பாலத்தைக் கடந்தபின் கிழக்கே திரும்புக என்றாற்போல அது அமையும். ஆடுநர் அதனைக் குறிப்பேட்டிற் படித்து, நிலத்தோடு ஒப்பிட்டு, தாமே நடந்து காணவேண்டும். ஊர்தியும் கண்ட இடத்திற்கெல்லாம் செல்லாது. பெரும்பூச்சியின் முதுகில் அமைந்த ஊர்தியும் படகும் குறித்த ஊர்களுக்கே செல்லும். எந்த ஊரில் எதனில் ஏறி எங்கே மாறுவது என்பதும் ஓர் அறிவாகவே அமைந்தது.

ஒப்ளிவியன் திசைகாட்டி ஒன்றைத் திரையில் வைத்தது. பணி நிகழும் இடத்தை அம்புக்குறி எப்பொழுதும் சுட்டும். நிலப்படத்தில் ஓரிடத்தைத் தொட்டால் நொடியில் அங்குச் சென்று சேரலாம். ஸ்கைரிமும் இவ்வழியைப் பின்பற்றியது. இவற்றை வேண்டாதார் கொள்ளாதுவிடலாமன்றோ என்று சிலர் கூறுவர். அக்கூற்று மேலோட்டமானது. ஸ்கைரிமின் பணிகள் பலவற்றில், குறியை மறைத்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தால், இன்னதைக் கொணர்க என்னும் ஒருவரி மட்டுமே எஞ்சும். அது எங்குள்ளது என்பதைச் சொல்லும் சொற்கள் எழுதப்படவே இல்லை.

செய்யுளைப் பயில்வார்க்கு உரை துணையாவது போலக் குறி துணையாகுமெனின் அதனைக் குறைகூற இயலாது. மூலம் இருக்க உரையை நாடுதலும் நாடாமையும் பயில்வார் விருப்பம். ஈண்டோ மூலமே நீக்கப்பட்டு உரை மட்டும் நிற்கின்றது. உரையை மூடிவைத்துவிட்டு மூலத்தைப் பயில்வோம் என்பார்க்கு ஏட்டில் எழுத்தில்லை. அறிதல் என்னும் கூறு இவ்வாறே ஆடுநரிடமிருந்து நீங்கியது.

ஏற்றலும் அவ்வாறே நீங்கியது. மாரோவிண்டில் கதைக்கு இன்றியமையாதாரையும் ஆடுநர் கொல்லலாம். கொன்றால், ஊழின் இழை அறுந்தது என்றும், முன்பு சேமித்த நிலைக்கு மீளலாம், அன்றேல் கெட்டழிந்த உலகிலேயே தொடரலாம் என்றும் ஓர் அறிவிப்பு வரும். ஆட்டம் நில்லாது. ஒப்ளிவியனில் அத்தகையோரை எத்துணைத் தாக்கினும் மயங்கி வீழ்ந்து சற்றே பொறுத்து எழுவர், இறவார். மேலும், ஆடுநர் வலிமை பெறுந்தோறும் பகைவரும் வலிமை பெறுமாறு அமைத்தனர். அதனால் வழிப்பறிக் கள்வரும் பெறற்கரிய கவசம் பூண்டு தோன்றினர். எங்குச் சென்றாலும் தக்க பகையே எதிர்ப்படுமாதலின், செல்லத்தகாத இடம் என ஒன்று இல்லையாயிற்று. செல்லத்தகாத இடம் இல்லாதவழிச் செல்லத் துணிதற்கும் பொருளில்லை.

நடுநிலை பிறழாமைப் பொருட்டு ஒன்று கூறுதல் வேண்டும். ஒப்ளிவியன் மாந்தர் காலையில் எழுந்து, தொழில் செய்து, உண்டு, இரவில் உறங்குவர். கடைகள் இரவில் மூடப்படும். மாரோவிண்டின் மாந்தரோ பெரும்பாலும் நின்ற இடத்தே நிற்பர். மாரோவிண்டில் வாள் பகைவன்மேற் படுவது கண்ணுக்குத் தெரியவும், மறைவிற் கணக்கிடும் பகடை படவில்லை என்றுவிடும். ஒப்ளிவியன் அம்முரண்பாட்டை ஒழித்தது. இயற்றுதலின் இனிமை புதியவற்றில் வளர்ந்தது என்பதை மறுத்தல் இயலாது. தச்சரின் கருவிகள் கூர்மையாயின. கோயில் எங்கே எழவேண்டும் என்னும் முடிவு மட்டும் வேறிடம் சென்றது.

மாற்றத்திற்குக் காரணங்கள்

இம்மாற்றத்தை ஆக்குநரின் சோம்பல் என்றோ பொருளாசை என்றோ தள்ளிவிடுதல் ஆராய்ச்சியாகாது. மூன்று காரணங்களை யாம் காண்கின்றோம்.

முதலாவது, குரல். மாரோவிண்டில் உரையாடலின் பெரும்பகுதி எழுத்தே. ஒப்ளிவியனில் உரையாடல் முழுதும் நடிகர் குரலாற் பதிவு செய்யப்பட்டது. எழுத்தாயின் பத்து வரி கூட்டுதல் எளிது. குரலாயின் ஒவ்வொரு வரிக்கும் காலமும் பொருளும் வேண்டும். பதிவான பின்னர் ஓர் ஊரை இடமாற்றினால் பேச்சையும் மாற்றவேண்டும். நீண்ட வழிக்கூற்றுகளுக்கு அங்கு இடமில்லாமற் போயிற்று.

இரண்டாவது, ஆடுநர் தொகை பெருகியமை. கட்டத்தாளில் படம் வரையப் பொழுதுடையார் சிலரே. பகலெல்லாம் உழைத்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுவார் நேற்றைய வழிக்கூற்றை மறந்திருத்தல் இயல்பு. அவரை வெளியே நிறுத்தும் ஆட்டம் உரிமையைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது. குறி வந்ததனால் பலர் உள்ளே வந்தனர் என்பதை நேர்மையுடன் ஏற்றல் வேண்டும்.

மூன்றாவது, பழையவற்றின் குறையே. மாரோவிண்டின் வழிக்கூற்றுகளுள் சில தெளிவற்றவை. அவற்றை நம்பிச் சென்று நெடுநேரம் அலைந்தவர் அறிவால் வென்றவருமல்லர், அறியாமையால் தோற்றவருமல்லர். எழுதினாரின் பிழையைச் சுமந்தவர். இத்தகைய அலைச்சலை நீக்க முனைந்தவர்கள், அதனோடு தேடுதலையும் சேர்த்து நீக்கினர் என்பதே உண்மை.

இக்காரணங்களுக்கு இடந்தந்தும் அறிதலை மீட்கலாம் என்பதற்குச் சான்று உண்டு. 2018-இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' தொடக்கத்திலேயே இருமுறைகளை ஆடுநர்முன் வைத்தது. ஒன்றில் குறி வழிகாட்டும். மற்றொன்றில் எந்த நாட்டின் எப்பகுதியில், எதன் அருகில் என்று சொல்லால் மட்டும் உரைக்கப்படும். இரண்டாம் முறைக்கு வேண்டும் சொற்களை எழுதிவைத்தமையின் அத்தெரிவு மெய்த்தெரிவாயிற்று. ஸ்கைரிமுக்கும் இதற்கும் வேறுபாடு இவ்வொன்றே.

புதியவற்றின் பேறு

புதிய ஆட்டங்களுள் சில, பழையன எட்டாத உயரத்தை எட்டியுள்ளன. எசுத்தோனிய எழுத்தாளர், ஓவியர் குழு ஆக்கிய 'டிஸ்கோ எலிசியம்' 2019-இல் வெளிவந்தது. நினைவிழந்த காவல் துப்பறிவாளன் ஒருவன் கொலையொன்றை ஆராய்தலே கதை. அவனுடைய இருபத்துநான்கு திறன்களும் அவன் உள்ளத்துள் குரல்களாக நின்று பேசும். ஒன்று ஏவும், ஒன்று தடுக்கும், ஒன்று பொய்யும் கூறும். ஏவுவார் பலராயிருக்க, எதனைக் கேட்பது என்பதை ஆடுநரே துணியவேண்டும். பிற ஆட்டங்களில் வெளியே நின்று சுட்டிய அம்புக்குறி இதில் ஐயத்திற்குரிய உட்குரலாக மாறிவிட்டது. கட்டளைக்கும் கருத்துரைக்கும் உள்ள வேற்றுமையை இதனால் ஆடுநர் உணர்கின்றனர்.

இவ்வாட்டத்தில் தோல்வியும் கதையே. பகடை பொய்த்தால் வழி அடைபடுவதில்லை. வேறொரு, பெரும்பாலும் நகைப்பிற்கிடமான, வழி திறக்கும். உடல்நலம் மிகக் குறைந்த பாத்திரத்தைக் கொண்டவர், தொடக்க அறையில் மின்விசிறியில் சுழலும் கழுத்துப்பட்டையை எடுக்க முயன்று மாரடைப்பால் இறத்தலும் கூடும். நகைப்பூட்டினும் இதிற் சூழ்ச்சியில்லை. தம் பாத்திரத்தின் நலிவு இன்னதென ஆடுநர் தாமே வகுத்தவர். அதன் பயனையே எய்தினார். விசார்டிரியில் ஊழாக நின்ற இழப்பு இங்கே வினைப்பயனாயிற்று.

பெல்ஜிய நாட்டு லேரியன் நிறுவனத்தார் 2023-இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட்' மூன்றாம் ஆட்டம், மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிகளைத் தழுவியது. இருபது முகப் பகடை திரையிலேயே உருளும். நடுவரின் குரலும் முன்னிலையில் விளித்துப் பேசும். நிலப்படத்தில் குறிகளும் உண்டு. ஆயினும் ஏற்றல் குன்றவில்லை. முதற் பகுதியில், ஒரு தோப்பில் அடைக்கலம் புகுந்த ஏதிலியரைக் காக்கலாம். அவரை அழிக்க வருவாரோடு சேர்ந்து அழிக்கவும் செய்யலாம். அழித்தவரைத் துணைவருள் சிலர் வெறுத்து நீங்குவர். உயிருடன் இருந்திருப்பின் பின்னர் எதிர்ப்பட்டிருக்கக் கூடியவர் அவ்விடங்களில் இரார். இறந்தவரின் வெற்றிடத்தைக் கதை நிரப்புவதில்லை. குறி இருந்தும் உரிமை நிலைத்தமையின், குறி ஒன்றே குற்றவாளியன்று என்பது தெளிவு.

மறுதலையாக, 2022-இல் வந்த 'எல்டன் ரிங்' குறிப்பேடே இல்லாது ஆக்கப்பட்டது. கதைமாந்தர் எங்குச் சென்றார் என்பதை அவர் சொன்ன சொல்லைக்கொண்டே ஆடுநர் உய்த்துணரவேண்டும். வெளிவந்த சில வாரங்களில், சந்தித்த மாந்தரின் இடத்தை நிலப்படத்தில் பதியும் வசதியை ஆக்குநரே பின்னர்ச் சேர்த்தனர். அறிதலை முழுதும் ஆடுநரிடம் விடுதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இதனால் அறியலாம்.

பிழைத்தல்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், செயலுரிமை உள்ள ஆட்டங்கள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு ஒன்று தோன்றுகின்றது. அவை ஆடுநரைத் தவறுதற்கு விடுகின்றன. பார்வையற்ற வணிகரை ஏமாற்றவும், கதைக்கு இன்றியமையாதாரைக் கொல்லவும், ஏதிலியரை அழிக்கவும் விட்டபின்னரே, ஏமாற்றாமையும் கொல்லாமையும் காத்தலும் ஆடுநரின் அறமாகின்றன. தவறவே இயலாத இடத்தில் நன்மை செய்தவர் நன்மை செய்தாரல்லர். அமைத்த வாய்க்காலில் நீர்போல ஓடினார், அவ்வளவே.

ஆயின் தவறுதற்கு இடம் இருந்தால் மட்டும் போதாது. அத்தவறு இருபண்பு உடையதாதல் வேண்டும். அறிந்து தவிர்த்தற்குரியதாக இருத்தல் ஒன்று. நேர்ந்தபின் உலகில் நிலைத்துநிற்றல் மற்றொன்று. விசார்டிரியின் பகடை முன்னதற்கு மாறானது. மயங்கி எழும் ஒப்ளிவியன் மாந்தர் பின்னதற்கு மாறானவர்.

இவ்விடத்து ஒரு தடை எழும். சேமித்த நிலைக்கு மீளும் வசதி எல்லாவற்றிலும் இருத்தலின், எத்தவறும் நில்லாதன்றோ எனலாம். மாரோவிண்டின் அறிவிப்பே மீளுமாறு கூறுகின்றது. இத்தடை வலியது. எனினும் மீளுதலும் ஆடுநரின் துணிபே. கெட்ட உலகு தொடர்வதற்கு இடம் இருக்க, அதனைவிட்டு மீளுதல் ஒரு தெரிவு. தொடர்வதற்கே இடமில்லாதபோது அது தெரிவன்று. பால்டர்ஸ் கேட் ஆட்டத்தில் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் சேர்க்கப்பெற்ற 'ஹானர்' முறை ஒரே ஒரு சேமிப்பையே இசைந்து, செய்தது செய்ததே என்னும் நிலையை விரும்புவார்க்கு நல்குகின்றது. பயனை ஏற்க வேண்டும் என்னும் வேட்கை ஆடுநரிடம் குன்றவில்லை என்பதற்கு அதனை விரும்பி ஏற்பார் சான்றாவர்.

தமிழில் பிழைத்தல் என்னும் சொல் தவறுதலையும் குறிக்கும். உயிர் தப்பி வாழ்தலையும் குறிக்கும். பிழைக்கவிடாத ஆட்டத்தில் பாத்திரம் உயிருடன் இருக்கும். ஆடுநர் அதனுள் வாழ்ந்தார் என்று சொல்லுதற்கு இடமில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. செயலுரிமை தெரிவுகளின் எண்ணிக்கையன்று. ஆடுநர் இயற்றுதற் கருத்தாவாக மட்டுமன்றி ஏவுதற் கருத்தாவாகவும் நிற்றலே அது. பழைய ஆட்டங்கள் அறிதலை ஆடுநரிடம் விட்டன; அவற்றுள் பல, அறிய இயலாததையும் அவர் தலையிற் சுமத்தின. புதிய ஆட்டங்கள் இயற்றுதலை இனிதாக்கிப் பலரை வரவேற்றன. அவற்றுள் பல, அறிதலையும் ஏற்றலையும் தாமே எடுத்துக்கொண்டன. இருகாலத்தும் சிறந்தவை, ஆடுநர் அறிந்து தவறுதற்கும் அத்தவற்றோடு வாழ்தற்கும் இடம் வைத்தவையே.

இவ்வாராய்ச்சி ஆட்டத்தோடு நின்றுவிடுவதன்று. பயில்வாருக்கு எவ்வளவு சொல்வது, எவ்வளவு சொல்லாது விடுவது என்னும் வினா உரையாசிரியர்க்கும் உண்டு, ஆசிரியர்க்கும் உண்டு. மாணவர் தவறாகப் பொருள் கொள்வாரோ என அஞ்சிப் பொழிப்புரையை முதலில் ஓதி மூலத்தைப் பின்னுக்குத் தள்ளும் வகுப்பறையிலும் அம்புக்குறி ஒன்று நிற்கின்றது. மூலத்தை அவர்முன் வைத்து, தாமே பொருள் காணவும், கண்டதில் தவறவும், தவற்றைத் தாமே உணரவும் பொழுது தருதல் கடினமான பணி. அப்பொழுதைத் தந்த ஆக்குநரின் ஆட்டங்களே பல ஆண்டுகள் கழிந்தும் ஆடப்பட்டு வருகின்றன.